கந்தம்மாள் சமைத்த கீரை

ராசிபுரத்தை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் கந்தம்மாள் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் மணியன் கைத்தறி நெசவாளி. பையன் ஜீவானந்தம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதிலேயே மணியன் நெஞ்சுவலி வந்து தறிக்குழியில் சாய்ந்து செத்துப்போனான். அதன் பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை இது. பிள்ளைகள் அவளை ஆயா என்று கூப்பிட்டார்கள். ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூடத்து மதில் ஓரம் முருங்கைக் கிளைப்போத்து நட்டு அவள் வளர்த்த மரங்கள் இருந்தன. வாரத்தில் இரண்டு நாளாவது அந்தக் கீரை சாம்பாரில் விழுந்துவிடும். தட்டின் ஓரத்தில் கீரையை ஒதுக்கும் பிள்ளையின் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வாள்.

"தின்னு சாமி. ரத்தம் ஊறும். நாளைக்கு நீ ஓட வேண்டாமா?"

அதட்ட மாட்டாள். ஆனால் அந்தக் கீரை உள்ளே போகிற வரைக்கும் எழுந்திருக்கவும் மாட்டாள்.

ஒரு வருடம் காலை வழிபாட்டில் நின்றுகொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்தாள். சுகாதார நிலையத்திலிருந்து வந்த செவிலியர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் ரொம்பக் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். கந்தம்மாள் தன் பங்குக்கு அந்தப் பெண்ணை மட்டும் தனியே கூப்பிட்டு, பொரித்த முருங்கைக்கீரையும் முட்டையும் வைத்தாள். அடுத்த பருவத்தில் அந்தப் பெண் கபடிக் கோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். மாத்திரை ஒரு காரணமாக இருந்திருக்கும். முட்டை இன்னொன்றாக இருந்திருக்கும். கந்தம்மாளைப் பொறுத்தவரை அது கீரை செய்த வேலை. அவள் நினைத்ததில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. அந்த இலையில் சத்து இருந்தது, அந்தப் பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது.

ஜீவானந்தம் தலையெடுத்ததும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு விசைத்தறி ஓட்டினான். கூலிக்குத் துண்டு நெய்து கொடுக்கிற வேலை. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து அகல்யாவைக் கட்டினார்கள். ஒடிசலான பெண், அதிகம் பேசாதவள். வந்த வருடமே மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. அரைப்படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். அக்கம்பக்கத்தார் அதை நல்ல சேதி என்றே நினைத்தார்கள். கந்தம்மாளும் அப்படி நினைத்து, மாங்காய் வாங்கி வந்து வைத்தாள்.

அது நல்ல சேதியாக இல்லை. சேலத்து மருத்துவமனையில் இதய டாக்டர் சத்யபிரியா, அகல்யாவின் நெஞ்சை நெடுநேரம் கேட்டுவிட்டு, சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து மூட்டுகள் வீங்கியது உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள் அகல்யா. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாதம் போகாமல் படுத்துக் கிடந்தாளாம். தானாகச் சரியாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் அப்போதே இதயத்துக்குள் இருந்த வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது.

அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. பழுதான வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். அதன்மேல் ரத்தம் உறைந்து கட்டாமல் இருக்க ஆயுசுக்கும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். மாதாமாதம் ரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். அந்த மாத்திரை வயிற்றிலிருக்கும் கருவைக் கெடுக்கக்கூடியது. குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே தன்னிடம் வர வேண்டும், அதிலும் தாய்க்கு ஆபத்து உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

வீட்டுக்குக் கூட்டி வந்த வாரம் மணியனின் அக்கா முத்தாயம்மாள் பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, முன்கூடத்தில் கந்தம்மாளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"உன்ற பையனுக்கு என்ன வயசாகிப் போச்சு? நல்லவிதமாப் பேசி, அவிய ஊட்டுக்கே அனுப்பிரலாமுல்ல. பொறவு ஒரு நல்ல இடமாப் பார்ப்போம்."

"எங்கீங்க அண்ணி அனுப்பறது?" என்றாள் கந்தம்மாள். "ஊரான் புள்ளைக்கே ஒருநாளும் சோறில்லைன்னு நான் சொன்னதில்லீங்க. இவ என்ற ஊட்டுக்கு வந்தவ. இவ எங்கயும் போகமாட்டா."

முத்தாயம்மாள் எழுந்து கிளம்பிவிட்டாள். உள்ளறையில் ஒருக்களித்துப் படுத்திருந்த அகல்யாவுக்கு அந்தப் பேச்சு முழுவதும் கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்று ஒரு நர்ஸ் அகல்யாவிடம் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். கீரை வகைகளில் ரத்தத்தை உறைய வைக்க உதவும் ஒரு சத்து இருக்கிறது, அது இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், அதனால் எப்போதும் சாப்பிடுகிற கொஞ்ச அளவை மாற்றக்கூடாது, திடீரென்று கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. கந்தம்மாள் அப்போது கீழே இளநீர் வாங்கப் போயிருந்தாள். ஜீவானந்தம் மருந்துக் கடையில் நின்றிருந்தான். கேட்டவள் அகல்யா ஒருத்திதான்.

ஆனாலும் சில வருடங்களுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. கந்தம்மாள் காலையில் பள்ளிக்கூடம் போய்விடுவாள். வீட்டுச் சமையல் அகல்யாவுடையது. ரசம், ஒரு காய், எப்போதாவது கொஞ்சம் கீரை. மாதத்துக்கு ஒருமுறை சேலம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவாள். தறிக்கூடத்தில் துண்டுகளை மடித்து அடுக்குவாள். அவளுடைய நெஞ்சிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும். வால்வு மூடும்போது உண்டாகிற சத்தம். தறி ஓடும்போது அது யாருக்கும் கேட்காது. கரண்ட் போய் எல்லாத் தறியும் நின்றால் கேட்கும். முதலில் அந்தச் சத்தம் கந்தம்மாளுக்குத் திகிலாக இருந்தது. போகப்போக, கரண்ட் போனால் அவளுடைய காது தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது.

பிறகு கந்தம்மாள் ஓய்வு பெற்றாள். பள்ளிக்கூடத்தில் சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலையில் எழுந்தால் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அண்டா நிறையச் சமைத்த கைக்கு மூன்று பேர் சமையல் போதவில்லை. அந்தச் சமயத்தில்தான் தெருவில் மருத்துவ முகாம் போட்டார்கள். விரலில் குத்திப் பார்த்து, அகல்யாவுக்கு ரத்தம் குறைவு என்று சொன்னார்கள். இதய டாக்டரிடம் காட்டச் சொல்லித்தான் அனுப்பினார்கள். கந்தம்மாளின் காதில் விழுந்தது ரத்தம் குறைவு என்ற இரண்டு வார்த்தைகள்.

"நான் ஒருத்தி ஊட்டுல இருந்துக்கிட்டு இவளை இப்பிடி வெளுக்க உட்டிருக்கறனே" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் தழைத்து நின்றது. விடிந்ததும் கிளையை ஒடித்து உருவ ஆரம்பித்தாள். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு இலையை வேகவைத்து இறுத்த சாறு காலையில். மத்தியானம் பொரியல். ராத்திரிப் பருப்பிலும் ஒரு பிடி. மிச்சத்தை நிழலில் காயவைத்து, இட்லிக்குப் பொடி.

முதல் நாள் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அகல்யா தயங்கினாள்.

"அத்தை, கீரை இவ்வளவு…"

"ஏஞ்சாமி, கசக்குதா? உப்புப் போடட்டா?"

அகல்யா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தாள்.

"இல்லீங்க அத்தை. நல்லாத்தான் இருக்குது."

குடித்துவிட்டாள். அடுத்த நாளும் குடித்தாள். இந்த மாதம் டெஸ்டுக்குப் போகும்போது டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் அது தீபாவளிக்கு முந்தைய காலம். ஆர்டர் குவிந்து கிடந்தது. மடிக்க ஆளில்லை. சேலம் போவதென்றால் அரைநாள் போய்விடும். "மாத்திரைதான் உடாமப் போடறயே, தீவாளி கழிஞ்சு போயிக்கலாம்" என்றான் ஜீவானந்தம். தீபாவளி கழிந்தது. அதன் பிறகு முகூர்த்த நாட்களுக்கான ஆர்டர் வந்தது. மாத்திரையை அவள் ஒருநாளும் விடவில்லை. உதடு கொஞ்சம் சிவந்திருக்கிறது என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். கந்தம்மாள் சந்தோஷப்பட்டாள்.

கார்த்திகையில் அகல்யாவுக்கு அசதி கண்டது. துண்டுக் கட்டைத் தூக்கி வைத்தால் மூச்சு வாங்கியது. வேலை அதிகம் அதனால்தான் என்றாள். தலையணை இரண்டை அடுக்கி வைத்துப் படுத்தாள். கந்தம்மாள் சாற்றில் இன்னும் ஒரு பிடி இலை சேர்த்தாள்.

மின்வாரியத்தார் பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் பகலில் கரண்டை நிறுத்துவார்கள். அந்த மாதத்து நிறுத்தமும் வந்தது. காலையில் தெருவிலிருந்த தறிகளெல்லாம் ஒரே சமயத்தில் ஓய்ந்தன. ஜீவானந்தம் நூல் வாங்கிவரக் கடைவீதிக்குப் போயிருந்தான். அகல்யா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கந்தம்மாள் முறத்தை மடியில் வைத்து அவளுக்கு எதிரே கீரை உருவிக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு குழந்தை அழுதது. தெருக்குழாயில் தண்ணீர் சொட்டியது. அதெல்லாம் கேட்டது.

உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏஞ்சாமி, சத்தத்தையே காணோமே?"

அகல்யா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை, மூச்சுத்தான் வந்தது. கந்தம்மாள் முறத்தைத் தள்ளிவிட்டுப் போய் அவளுடைய நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ ஓடியது. ஆனால் அந்தச் சின்னச் சத்தம் அமுங்கிப்போய், துணிக்குள் கேட்கிற மாதிரி இருந்தது. அகல்யாவின் நெற்றி குளிர்ந்து வேர்த்திருந்தது. கந்தம்மாள் தெருவுக்கு ஓடி வந்து கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆண்டகளூர் கேட் நிறுத்தத்தைத் தாண்டும்போது, சேதி கேட்ட ஜீவானந்தம் பைக்கில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். மல்லூர் போய்ச் சேலம் சேருகிற வரைக்கும் கந்தம்மாள் மருமகளின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் சத்யபிரியா ஸ்கேன் எடுத்து, பிறகு எக்ஸ்ரேத் திரையிலும் வால்வைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"வால்வுல ரெண்டு கதவு மாதிரி இருக்கும். அதுல ஒண்ணு அசையவே இல்லை. ரத்தம் கட்டிப் பிடிச்சிருக்கு. மாத்திரையை விட்டுட்டாங்களா?"

"ஒருநாள்கூட உடலீங்க டாக்டர்" என்றான் ஜீவானந்தம்.

"டெஸ்ட்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆர்டர் இருந்துச்சுங்க. போன மாசமும் வரல, அதுக்கு முந்தின மாசமும் வரலீங்க."

"சாப்பாட்டுல புதுசா ஏதாவது சேர்த்தீங்களா? லேகியம், பொடி, கீரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவன் இல்லை என்று சொல்லப்போனான். கந்தம்மாள் அவனுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள்.

"நாந்தானுங்க குடுத்தேன். முருங்கைக்கீரை. தெனமும். மூணு வேளையும்."

"எவ்வளவும்மா?"

கந்தம்மாள் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினாள். அந்தக் கைகளில் கீரை உருவிய பச்சைக்கறை இன்னும் போகாமல் இருந்தது. டாக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கந்தம்மாள் பின்னாளில் சொன்னாள்.

"அந்தக் கீரையில இருக்கிற ஒரு சத்து இவங்க மாத்திரையை வேலை செய்யவிடாது. ரத்தம் உறையறதுக்கு அதுதான் உதவுது. மத்தவங்களுக்கு அது நல்லது. இவங்களுக்கு இவ்வளவு ஆகாது." பிறகு ஜீவானந்தத்திடம் திரும்பினார். "மறுபடி நெஞ்சைத் திறக்கறது இப்ப இருக்கிற நிலைமையில ரொம்ப ஆபத்து. கட்டியைக் கரைக்கற மருந்தை டிரிப்ஸ்ல ஏத்திப் பார்ப்போம். அதுலயும் ஆபத்து இருக்கு. கரையும்போது ஒரு துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போகலாம். எங்கயாவது ரத்தம் கசியலாம். நேரமில்லை, சொல்லுங்க."

ஜீவானந்தம் கையெழுத்துப் போட்டான்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, வழியில் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் கந்தம்மாள் உட்கார்ந்தாள். ஜீவானந்தம் பொட்டலத்தில் இட்லி வாங்கி வந்து கொடுத்தான். அதைப் பிரிக்கவில்லை. அவன் அவளிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சற்றுத் தள்ளி ஜன்னலோரம் நின்றுகொண்டான். அவனுக்கும் தன்மேல் கோபம் இருந்தது. தீபாவளி கழியட்டும் என்று சொன்னவன் அவன்தானே.

மறுநாள் டாக்டர் வந்து, வால்வு அசைகிறது என்றார். கந்தம்மாள் எழுந்து கும்பிட்டாள். டாக்டர் அந்தக் கும்பிட்ட கைகளைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சொன்னார். துணுக்கு ஒன்று மூளைக்குப் போயிருந்தது. சின்னதுதான். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கையும் பேச்சும் பாதித்திருக்கின்றன, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம்.

உள்ளே போனபோது அகல்யாவுக்கு இருவரையும் அடையாளம் தெரிந்தது. எதையோ சொல்ல முயன்றாள். உதடு அசைந்தது. சொல்ல வேண்டியது உள்ளே இருப்பது அவளுடைய கண்ணில் தெரிந்தது. அதற்கான வார்த்தை மட்டும் வரவில்லை. இடது கையை நீட்டி கந்தம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த அன்று கந்தம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் முருங்கைக் கிளைகளை மொட்டையாக வெட்டி, எதிர்வீட்டு ஆடுகளுக்குப் போட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் பச்சையாக எதுவும் வரக்கூடாது என்று ஆகிவிட்டது. கீரை இல்லை, கோஸ் இல்லை, கொத்தமல்லி இல்லை. ரசத்தில் மிதக்கிற கறிவேப்பிலையைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் அகல்யாவுக்கு ஊற்றினாள். தெருவில் யாருடனும் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த சமையல்காரி ஏதோ கேட்க வந்தபோது, வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டாள். தான் இத்தனை காலம் பிள்ளைகளுக்கு எதைப் போட்டுக்கொண்டிருந்தோம் என்ற எண்ணம் அவளை விடவில்லை.

பிசியோதெரபி செய்கிறவர் வந்து அகல்யாவின் கையை மடக்கி நீட்டினார். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார். 'தண்ணி' என்ற சொல் முதலில் வந்தது. பிறகு புருஷனின் பெயர் பாதி வந்தது.

கொஞ்ச நாளில் அகல்யாவின் முழங்கைக்குக் கீழே நீலமாகக் கன்றியிருப்பதை கந்தம்மாள் பார்த்தாள். எங்கும் இடித்துக்கொள்ளவில்லை என்று அவள் தலையாட்டினாள். அடுத்த நாள் காலை அவள் பல் துலக்கிய இடத்தில் கல்லின்மேல் ரத்தம் சிவப்பாக ஓடியிருந்தது. இந்த முறை அவர்கள் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர், உறைகிற தன்மை இப்போது மிதமிஞ்சிக் குறைந்திருக்கிறது என்றார்.

"இப்ப என்ன சாப்பிடறாங்க?"

"கீரையக் கண்ணுல காட்டறதில்லீங்க டாக்டரம்மா" என்றாள் கந்தம்மாள். "கறிவேப்பலையைக்கூட எடுத்துப் போட்டர்றேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உட்காருங்கம்மா" என்றார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. அன்றைய மாத்திரையை நிறுத்தி, நாளைக்கே மறுபடி டெஸ்டுக்கு வரச் சொன்னார். பிறகு கந்தம்மாளிடம் பேசினார்.

"ஆஸ்பத்திரியில சாப்பிட்டதை வச்சு மாத்திரை அளவைக் கூட்டிக் கொடுத்தோம். நீங்க வீட்டுக்குப் போனதும் அந்தச் சத்தை ஒரேயடியா நிறுத்திட்டீங்க. எதிர்க்கறதுக்கு ஆளே இல்லாம மாத்திரை தன் இஷ்டத்துக்கு வேலை செஞ்சிருச்சு. இந்த மாத்திரை எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்கா பக்கத்துல மாடெல்லாம் ரத்தம் நிக்காமச் செத்துச்சு. சின்னக் காயம் பட்டாப் போதும், ரத்தம் கொட்டிக்கிட்டே இருக்கும். தேடிப் பார்த்தா, ஈரத்துல பூஞ்சை பிடிச்ச தீவனத்தைத் தின்னிருக்கு. அந்தத் தீவனத்துல இருந்த பொருளைப் பிரிச்செடுத்தாங்க. அந்த வகையில வந்ததுதான் இது."

கந்தம்மாள் நிமிர்ந்தாள். "மாட்டைக் கொன்னதையா டாக்டரம்மா இவளுக்குக் குடுக்கறோம்?"

"ஆமா. அதுதான் இவங்க வால்வைக் காப்பாத்துது. இன்னொண்ணும் சொல்றேன். அன்னிக்குக் கட்டியைக் கரைச்ச மருந்து, ஒரு கிருமியில இருந்து எடுத்தது. சின்ன வயசுல காய்ச்சல் வந்து இவங்க வால்வைக் கெடுத்துச்சே, அந்தக் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமி."

கந்தம்மாள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள் கேட்க வந்தது வேறு.

"பள்ளிக்கூடத்துல அத்தனை புள்ளைகளுக்கும் நான் போட்டனுங்களே. இன்னிக்கு எந்தப் புள்ளை எங்க இருக்குதோ. அதுல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்குமுங்களா?"

"ஒண்ணும் ஆயிருக்காது. அந்தப் பிள்ளைங்களுக்கு நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. அவங்க யாரும் இந்த மாத்திரை சாப்பிடலை. இவங்களுக்கும் கீரை விஷம் இல்லைம்மா. வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு சின்னக் கரண்டி. எப்பவும் அதே அளவு. மாசம் தவறாம டெஸ்ட். அவ்வளவுதான்."

வெளியே வந்து மருந்துக்காகக் காத்திருந்த பெஞ்சில் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஜீவானந்தம் வரிசையில் நின்றிருந்தான். அகல்யா கந்தம்மாளின் முழங்கையைத் தொட்டாள். பேசுவதற்கு முன் அவள் ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"எனக்கு… தெரியும் அத்தை."

"என்ன சாமி தெரியும்?"

"கீரை. நர்ஸ்… அப்பவே… சொன்னாங்க. நான்… சொல்லல."

கந்தம்மாள் அவளையே பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் இறுகியது.

"தெரிஞ்சுக்கிட்டேயா குடிச்சே? ஏன் சொல்லல?"

அகல்யா வாயைத் திறந்தாள். வார்த்தை நழுவியது. கண்ணை மூடி மறுபடி தேடினாள்.

"நீங்க… அனுப்பல. என்னை. முத்தாயி… பெரியம்மா… அனுப்பச் சொன்னாங்க. நீங்க… மாட்டேன்னீங்க. உள்ள… கேட்டுச்சு."

அந்த இடத்தில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கந்தம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த நாள்முதல் அதுவரை அவள் அழுததே இல்லை.

"கிறுக்கி" என்றாள், குரல் தேறியதும். "உன்னை அனுப்பலைங்கறதுக்காக நான் எதைக் குடுத்தாலும் குடிச்சிருவியா? என்னத்தையோ பெருசாச் செஞ்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டா நீ இருந்தே? இனிமே வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாலும் சொல்லு. கேக்குதா?"

அகல்யா தலையாட்டினாள்.

அது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. அகல்யாவின் பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. களைத்துப்போன நேரத்தில் மட்டும் சொற்கள் தட்டும். சில பெயர்ச் சொற்கள் வரவே வராது, கையால் காட்டுவாள். வலது கை விரல்கள் முழுதாக மடங்காததால் துண்டுகளை இடது கையால் மடிக்கப் பழகிக்கொண்டாள். மாதாமாதம் இருவரும் பஸ்ஸில் சேலம் போய் வருகிறார்கள். ஆர்டர் எவ்வளவு இருந்தாலும் அந்த நாளன்று ஜீவானந்தம் ஒரு தறியை நிறுத்திவிட்டு மடிப்பு வேலையைத் தானே பார்க்கிறான். குழந்தையைப் பற்றி அவர்கள் இருவரும் டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதை கந்தம்மாளிடம் ஜீவானந்தம் சொன்னபோது அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று சமைத்ததில் உப்பு இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

போன தை மாதத்தில் கந்தம்மாளின் தம்பி தங்கசாமி, மகளுக்கு அயோத்தியாப்பட்டணத்தில் கல்யாணம் வைத்தான். குடும்பத்தோடு வருகிறோம் என்று கந்தம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள். அகல்யாவுக்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு புடவையும் எடுத்து வைத்திருந்தாள். கிளம்புகிற அன்று காலையில் அதை எடுத்துக்கொண்டு போனாள்.

"இதைக் கட்டிக்க சாமி. நேரமாச்சு."

அகல்யா புடவையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்க அத்தை. ஆனா, நான் வரலீங்க."

"ஏன், உடம்புக்கு என்ன பண்ணுது?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குது. அங்க எல்லாரும் பேசச் சொல்லுவாங்க. நான் பேசறதையே… பார்த்துக்கிட்டு நிப்பாங்க. வேண்டாமுங்க."

"நம்ம சனம்தானே. யாரு என்ன சொல்லப்போறாங்க?"

"வேண்டாமுங்க அத்தை."

கந்தம்மாள் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வருத்தமாக இருந்தது. தம்பியிடம் என்ன சொல்வது என்ற கவலையும் இருந்தது. இன்னொரு தடவை கேட்டால் இவள் வந்துவிடக்கூடும் என்றும் தெரிந்தது. கேட்கவில்லை. புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் வைத்தாள்.

"மத்தியானத்துக்குப் பருப்பு வேகவச்சிருக்கேன். ரசம் மட்டும் வச்சுக்க. போயிட்டு வாரேன்."

ஜீவானந்தத்துக்கு அன்று நூல் லோடு வருவதாக இருந்தது. கந்தம்மாள் தனியாகப் பஸ் ஏறினாள். சேலத்தில் மாறி, மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. முத்தாயம்மாள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை. கையால் கண்ணை மறைத்து அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"எங்க, உன்ற மருமவ வரலியா?"

"வரலீங்க அண்ணி."

"நீ கூப்புடலியா?"

"கூப்பிட்டனுங்க. வேண்டாம்னுட்டா."

முத்தாயம்மாள் இன்னும் ஏதோ கேட்கப்போனாள். அதற்குள் பந்திக்கு இலை போட்டுவிட்டதாகத் தங்கசாமி வந்து கந்தம்மாளின் கையைப் பிடித்து அழைத்தான். கந்தம்மாள் செருப்பைச் சுவரோரம் கழற்றிவிட்டு, கை கழுவப் போனாள்.